பச்சைப் பெட்டிமேல் அணைத்த கற்பூரம்

போன மாதம் சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியதற்காக எங்கள் கட்சி ஆபீஸ் வாசலில் சரவெடி கொளுத்தினார்கள். எனக்கும் ஒரு லட்டு கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற ஊழியன் என்பதால் நாற்காலியும் போட்டார்கள். ஒரு கால் ஆடுகிற நாற்காலிதான், ஆனாலும் மரியாதை மரியாதைதானே. லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது, கிளைக்குப் புதிதாக வந்திருக்கும் செயலாளர் பக்கத்திலிருந்தவரின் தோளைத் தட்டிச் சொன்னார்: "இனிமே இன்னா மச்சான், நம்ம சார்புல ஒரு வெளக்கமாத்த நிறுத்தினாலும் ஜெயிச்சிடும்!"

எனக்குப் புரையேறிவிட்டது. யாரோ தலையில் தட்டினார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். "இன்னா பெரியவரே, சந்தோசமா?" என்று கேட்டார்கள். சந்தோஷமாவது மண்ணாவது. இதே வாக்கியத்தை, விளக்கமாறு உட்பட, வெள்ளைக்காரன் காலத்தில் இதே பூந்தமல்லியில் ஒரு மாடி அறையில் கேட்டவன் நான். அன்றைக்கு வயிற்றில் விழுந்த அடி இன்னும் வலிக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். இளைஞர்கள் படித்தால் நல்லது, படிக்காவிட்டாலும் என் மனபாரம் குறையும்.

என் உத்தியோகத்துக்குச் சரியான பெயர் கிடையாது. கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவன், கொடி கட்டுபவன், தேர்தல் வந்தால் சாவடியில் கட்சிக்காக உட்காருபவன், எல்லாம் நான்தான். 'ஊழியர் ஏகாம்பரம்' என்பார்கள். முதல் சில வருஷங்கள் பசை காய்ச்சியே கழிந்தன. மாடு நோட்டீஸைத் தின்னாமலிருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலக்க வேண்டும் என்பதுதான் நான் அரசியலில் படித்த முதல் பாடம். அதற்குப் பிறகு ஒரு சைக்கிள் கொடுத்தார்கள். பூந்தமல்லியில் கிளம்பினால் பாரிவாக்கம், ஆவடி, முத்தாபுதுப்பேட்டை என்று சுற்றி அம்பத்தூர் ஏரிக்கரை வரை மிதித்துவிட்டு வருவேன். முழங்கால் இன்று மாடிப்படி ஏறும்போதெல்லாம் அந்தச் சைக்கிளைத் திட்டுகிறது.

சைக்கிளின் பின்னால் ஒரு தகரப் பெட்டி கட்டியிருக்கும். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, மேலே ஒரு பிளவு போட்டு, சுற்றிலும் பச்சை வர்ணம் அடித்த பெட்டி. அந்தப் பெட்டி எதற்கு என்று இப்போது இருப்பவர்களுக்குச் சொன்னால்தான் புரியும். அக்காலத்துத் தேர்தலில் சீட்டில் முத்திரை குத்துகிற வேலை ஓட்டுப் போடுகிறவருக்குக் கிடையாது. அதிகாரி ஒரு சீட்டைக் கையில் கொடுப்பார். திரைக்குப் பின்னால் போனால் ஆளுக்கொரு நிறத்தில் பெட்டிகள் வரிசையாக வைத்திருக்கும். எந்த நிறப் பெட்டியில் சீட்டைப் போடுகிறோமோ, அந்த ஆளுக்கு ஓட்டு. எழுத்து வாசனை இல்லாதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. எங்கள் கட்சிக்குப் பச்சை. எதிர்க்கட்சிக்கு, அதாவது பெரிய நிலக்காரர்களின் கட்சிக்கு, நீலம். தனியாக நிற்பவர்களுக்கு வெள்ளை, மஞ்சள் என்று எது மிஞ்சுகிறதோ அது.

ஆகவே நான் ஊர் ஊராகப் போய்ப் பெட்டியை மரத்தடியில் இறக்கி, ஆளுக்கொரு பூவரச இலையைக் கையில் கொடுத்து, "இதுதான் சீட்டு. மடிங்க. போடுங்க" என்று பழக்குவேன். சிரித்துக்கொண்டே வரிசையில் வந்து போடுவார்கள். சிலர் இலையைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இதிலென்ன சாமி இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். கேலி செய்தவன் வாயை அடைக்க ஒரு காலம் வந்தது.

எங்கள் செயலாளர் தில்லைநாயகம் ஒரு வக்கீல். அரிசி மண்டிக்கு மேல் மாடியில் கட்சி ஆபீஸ், அங்கேயே அவருடைய ஆபீஸும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரையும் 'நீ' என்று சொல்லமாட்டார், என்னைக்கூட. கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் மட்டும் கீழே ஆள் அனுப்பி மோர் வரவழைப்பார். பெருங்காயமும் கறிவேப்பிலையும் மணக்க நல்ல மோர். "குடிங்க, ஏகாம்பரம். வெயில்ல வந்திருக்கீங்க" என்பார். நாம் பாதி டம்ளர் குடித்திருக்கும்போது விஷயத்தை வைப்பார். வாயில் மோர் இருக்கும்போது யாராலும் எதிர்த்துப் பேச முடியாது. அந்த மாடியில் மோர் வந்தாலே ஏதோ கெட்டது வருகிறது என்று அர்த்தம்.

அப்போது எங்கள் கட்சி படுத்த படுக்கையில் இருந்தது. தேர்தலுக்குத் தேர்தல் தோல்வி. கூட்டம் போட்டால் மேடையில் இருப்பவர்கள் கீழே இருப்பவர்களைவிட அதிகம். கட்சியைக் கலைத்துவிடலாமா என்றுகூட மெட்ராஸில் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு மசோதா. ராஜாக்கள் காலத்தில் தானமாக எழுதிக்கொடுத்த இனாம் கிராமங்களில் பரம்பரையாக உழுகிற குத்தகைக்காரனை, இனாம்தார் நினைத்தபோது நிலத்தைவிட்டு இறக்கக்கூடாது என்ற மசோதா. அது நிறைவேறும் என்று எங்களில் ஒருவருக்கும் நம்பிக்கையில்லை. நிறைவேறாவிட்டாலும் பேசிக்கொண்டிருக்க ஒரு விஷயம் வேண்டுமல்லவா, அதற்காகப் பேசினோம்.

நிஜமாகவே நம்பியவன் ஒருவன்தான். பாரிவாக்கத்து முனுசாமி.

அப்பன் காலத்திலிருந்து இனாம் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவன். ஒல்லியான ஆள், பேச்சு அதைவிட ஒல்லி. எங்கள் கூட்டத்துக்கு வந்தான் என்பதற்காக இனாம்தாரின் ஆட்கள் அவன் நாற்றங்காலில் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு பருவம் போயிற்று. மறுவாரமும் அவன் கூட்டத்துக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தான். தில்லைநாயகம் அவனை மாடிக்கு அழைத்து, வரப்போகும் ஜில்லா போர்டு தேர்தலில் இந்தப் பகுதிக்கு அவன்தான் வேட்பாளர் என்று சொன்னார். அன்று மோர் வரவில்லை, காபி வந்தது. எங்களுக்கு வேறு ஆளும் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஜில்லா போர்டு நாற்காலி வெறும் அலங்காரமல்ல. மசோதாவில் ஒரு ஷரத்து இருந்தது. ஒவ்வொரு கிராமத்திலும் உண்மையில் உழுகிற குத்தகைக்காரர் யார் என்று ஒரு கமிட்டி உட்கார்ந்து முடிவு செய்யும். அந்தக் கமிட்டியில் தாசில்தாரோடு அந்தப் பகுதியின் ஜில்லா போர்டு மெம்பரும் இருப்பார். உள்ளூர் விவரம் தெரிந்தவர் என்பதால் அவர் சொல்லுக்குத்தான் அங்கே எடை. முனுசாமி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பாரிவாக்கத்தில் உழுகிறவர்களுக்கு நிலம் நிற்கும். வேறு யாராவது உட்கார்ந்தால், அவரவர் அதிர்ஷ்டம்.

முனுசாமிக்கு ஒரே பயம்தான் இருந்தது. அதை என்னிடம் சொன்னான். "ஜனங்க நல்லவங்கதான் அண்ணாத்தே. ஆனா இனாம்தார் ஆளு வந்து மெரட்டினா மாறிடுவாங்க. கெஞ்சினாலும் மாறிடுவாங்க. ஒரு கட்டு கட்டிடணும்."

"எப்படிக் கட்டுவே?"

"ஆத்தா முன்னாடி கட்டறேன். நீ பொட்டிய எட்தாந்துடு."

அவன் குறித்த வெள்ளிக்கிழமை கங்கையம்மன் கோயில் வாசலில் என் தகரப் பெட்டியை வைத்தோம். யாரோ அதற்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். வரியோ குத்தகையோ கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் அப்போது ஓட்டு; ஓட்டு உள்ளவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பெண்களில் ஓட்டு உள்ளவர்கள் கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். அவர்களில் ஒருத்தி முனுசாமியின் அக்கா அஞ்சலை. புருஷன் இல்லாதவள், ஏரிக்கரையில் இட்லிக் கடை போட்டிருந்தாள், வீட்டு வரி அவள் பெயரில். அந்த ஊரில் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது.

பெட்டியின் மூடிமேல் வெற்றிலையை வைத்துக் கற்பூரத்தை ஏற்றினார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது. அதைவிடப் பெரிய சத்தியம் இந்தப் பக்கத்தில் கிடையாது. பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இன்னா சொல்லிக்கினு அணைக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். "முனுசாமிக்கி ஓட்டுப் போடறேன்னு சொல்லலாமா?"

முனுசாமி கூச்சத்தோடு கையை ஆட்டினான். "என் பேரு வேணாம்பா. மனுசன் இன்னிக்கி கீறான், நாளைக்கி பூடுவான். பொட்டிய சொல்லுங்க. 'யாரு மெரட்னாலும், யாரு கெஞ்சினாலும், யாரு வந்து மாத்தி சொன்னாலும் பச்சப் பொட்டிலதான் போடுவேன்.' இப்டி சொல்லுங்க."

சொல்லிவிட்டு முதல் கற்பூரத்தை அவனே அணைத்தான். பின்னால் அஞ்சலை. அதற்குப் பின்னால் ஊர். பெட்டி ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தது நான். ஒவ்வொரு உள்ளங்கை விழும்போதும் தகரம் சுட்டது. எனக்கு மெய் சிலிர்த்தது. இப்படியொரு கட்சிக்கா இந்த ஜனங்கள் என்று பெருமையாக இருந்தது. மாடியில் போய்ச் சொன்னபோது தில்லைநாயகம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கட்சியைச் சொல்லியா, ஆளைச் சொல்லியா?" என்று கேட்டார். "பெட்டியைச் சொல்லி" என்றேன். "அப்படியா" என்றார். அந்த 'அப்படியா' எனக்கு அன்று உறைக்கவில்லை.

அடுத்து நடந்தது யாரும் கனவிலும் நினைக்காதது. மசோதா நிறைவேறிவிட்டது.

எதிர்ப்பக்கத்தில் அவர்களுக்குள் ஏதோ சண்டை. ஒரு கோஷ்டி அப்படியே எழுந்து எங்கள் பக்கம் ஓட்டுப் போட்டுவிட்டது. தில்லைநாயகத்துக்குத் தந்தி வந்தது. படித்துவிட்டு மறுபடியும் படித்தார். தந்தியை என்னிடம் நீட்டினார். எனக்கு அந்த இங்கிலீஷைப் படிக்கத் தெரியாது என்பதே அவருக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாரிவாக்கத்துக்குப் பறந்தேன். ஏரியில் மாடு கழுவிக்கொண்டிருந்த முனுசாமி செய்தியைக் கேட்டுவிட்டு, ஈரக் கையோடு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவா? நெசமாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அஞ்சலை அன்று கடையில் யாரிடமும் காசு வாங்கவில்லை.

பெரிய வெற்றி ஒரு கட்சியை என்ன செய்யும் என்பதை அந்தச் சில வாரங்களில் நான் கண்ணால் பார்த்தேன். முதலில் ஆபீஸுக்கு வெள்ளை அடித்தார்கள். புது நாற்காலிகள் வந்தன. எத்தனையோ வருஷமாக நானும் பல்லியுமாகக் காவல் காத்த மாடிப்படியில் செருப்புகள் குவிந்தன. எங்களைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போனவர்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். இதற்கு முன் எங்கள் கூட்டங்களில் தோற்ற சிறுபிள்ளை மாதிரி கெஞ்சிப் பேசிய பேச்சாளர்கள், இப்போது மீசையைத் தடவிக்கொண்டு பேசினார்கள். "வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டுமா?" என்று நான் கேட்டால், "எதுக்கு ஏகாம்பரம் வீண் அலைச்சல்?" என்று பதில் வந்தது.

எதிர்ப்பக்கத்து ஆட்களும் சும்மா இல்லை. சட்டத்தை எதிர்த்துத் தோற்றவர்கள், தோற்ற இடத்தில் நின்று அழுதுகொண்டிருக்கவில்லை. அந்தச் சட்டத்தை நடத்தப்போகிற நாற்காலிகள் எங்கே இருக்கின்றன என்று தேடி நடக்க ஆரம்பித்தார்கள். அந்தப் புத்தி எங்கள் பக்கத்தில் யாருக்கும் இல்லை.

ஒரு காலை மாடிப்படி ஏறினால், நடு நாற்காலியில் இனாம்தார் உட்கார்ந்திருக்கிறார். முனுசாமியின் நாற்றங்காலில் மாட்டை விட்ட அதே இனாம்தார். தோளில் எங்கள் கட்சியின் பச்சைக்கரைத் துண்டு, மடிப்புக் கலையாத புதுத் துண்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தவறான வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஒரு கணம் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

"வாய்யா ஏகாம்பரம்" என்றார் இனாம்தார், சொந்த வீட்டில் இருப்பவர் போல. "நல்லா ஒழைக்கிறியாமே. வக்கீல் சொன்னாரு."

அவர் போன பிறகு மோர் வந்தது.

"குடிங்க" என்றார் தில்லைநாயகம். பாதி குடித்ததும் சொன்னார்: "ஜில்லா போர்டுக்கு இனாம்தாரை நிறுத்துறதா மேலே முடிவு ஆயிருக்கு."

மோர் மூக்கில் ஏறியது. இருமி முடித்து, "முனுசாமி?" என்றேன்.

"நல்ல பையன். அவருக்கு வேற ஏதாவது செய்யலாம்."

"ஐயா, இது அவங்களுக்காகக் கொண்டுவந்த சட்டம். அந்தக் கமிட்டியில் இவரே போய் உட்கார்ந்தால்..."

"கொஞ்சம் நிதானமா யோசிங்க, ஏகாம்பரம்." அவர் குரல் தாலாட்டு மாதிரி இருந்தது. "குத்தகைக்காரங்க ஓட்டு எங்கே போகும்? அது ஏற்கெனவே நம்ம பெட்டியில இருக்கு. கையில இருக்கிற ஓட்டுக்காக எதுக்கு ஒரு சீட்டைச் செலவு பண்ணணும்? இல்லாத ஓட்டைத்தான் தேடணும். அது இனாம்தார்கிட்ட இருக்கு."

"குத்தகைக்காரங்க அவருக்குப் போடமாட்டாங்க ஐயா."

"போடுவாங்க. கற்பூரம் அணைச்சிருக்காங்களே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்போ இருக்கிற அலையில நம்ம சார்புல ஒரு விளக்கமாத்தை நிறுத்தினாலும் ஜெயிச்சிடும். நீங்க கவலைப்படாதீங்க."

அந்த மனிதர் யாரையும் அடித்ததில்லை, ஒருவரிடமும் கை நீட்டி வாங்கியதில்லை. ஊரே கோயில் வாசலில் வைத்த நம்பிக்கையை, துடைத்த கண்ணாடியைத் திரும்பவும் போட்டுக்கொள்கிற நேரத்தில் இனாம்தாருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். மிச்ச மோரை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினேன். அன்றிலிருந்து இன்றுவரை மோர் சாப்பிடுவதில்லை. என் மனைவி காரணம் கேட்டு அலுத்துவிட்டாள்.

முனுசாமி வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். சொன்னேன். மண்வெட்டியை ஊன்றி நின்றான்.

"கமிட்டி நாற்காலியில அவரு குந்துவாரா?"

"ஆமாம்."

"சட்டம்?"

"சட்டம் இருக்கு."

"இருந்து?"

அவன் திட்டுவான், அடிப்பான் என்றுகூட எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவன் வரப்பில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான், துடைத்துக்கொண்டே இருந்தான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் தாலுகா கச்சேரிக்குப் போய்த் தனியாக மனுப் போட்டுவிட்டான். வெள்ளைப் பெட்டி கிடைத்தது.

நான் பச்சைப் பெட்டியின் ஊழியன். ஆனாலும் அஞ்சலையின் கடைக்குப் போனேன். இட்லித் தட்டோடு ஊர்க்காரர்கள் பலர் இருந்தார்கள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "பச்சைப் பெட்டி இப்போது இனாம்தாருடையது. முனுசாமிக்கு வெள்ளை. கட்சி ஆள் நானே சொல்கிறேன், வெள்ளையில் போடுங்கள்."

எல்லோரும் அஞ்சலையைப் பார்த்தார்கள். பிறகு அஞ்சலை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏன்யா, நீ மனுசன்தானா?" என்றாள். "அன்னிக்கி பொட்டிய புட்ச்சிக்கினு நின்னது யாரு? நீதானே? இன்னிக்கி நீயே வந்து மாத்தி சொல்றே?"

"உன் தம்பிக்காகத்தான் சொல்கிறேன், அஞ்சலை."

"எனுக்கு மட்டும் தம்பி இல்லியா? வயிறு எரியுதுய்யா. 'யாரு வந்து மாத்தி சொன்னாலும்'னு அவன்தானே சொல்ல சொன்னான்? சொல்லிக்கினுதானே அணைச்சோம்? எனுக்கு ரெண்டு புள்ளைங்க கீதுய்யா. ஆத்தாகிட்ட போயி, அது சும்மா சொன்னேன், இப்ப வேற பொட்டின்னு சொல்லவா?"

"பூப் போட்டுக் கேட்டுப் பார்க்கலாமே, அம்மன் உத்தரவு கொடுத்தால்..."

"போயிடு" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "போயிடுய்யா. இட்லி துன்ட்டு போறதானா துன்னு. இல்லாங்காட்டி போ."

பயந்து மாறிவிடுவார்கள் என்று முனுசாமி நினைத்தான். பேராசையில் மாறுவார்கள் என்று நான்கூட நினைத்தேன். மாறாமல் நின்று இப்படிச் செய்வார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

ஓட்டு நாள். பாரிவாக்கம் சாவடியில் பச்சைப் பெட்டிக்கு நான் ஏஜெண்ட். வெள்ளைப் பெட்டிக்கு முனுசாமியே உட்கார்ந்தான். அதிகாரி ஒவ்வொரு பெட்டியையும் கவிழ்த்து, தட்டி, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டினார். நிறக் காகிதத்தை வெளியிலும் ஒட்டினார், உள்ளேயும் ஒட்டினார். வெளிக்காகிதத்தை யாராவது மாற்றினாலும் உள்ளே இருப்பது காட்டிக்கொடுக்கும். மூடியைச் சுற்றி நாடா கட்டி, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றினார். சூடு ஆறுவதற்குள் அவரவர் அடையாளத்தை அதில் பதிக்க வேண்டும். நான் கட்சி முத்திரையைப் பதித்தேன். முனுசாமியிடம் முத்திரை ஏது? இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து அதன் அடிப்பாகத்தை அரக்கில் அழுத்தினான். பூப்போட்ட டப்பா. அரக்கில் ஒரு பூ விழுந்தது.

நாள் முழுக்க ஜனங்கள் வந்தார்கள். அவன் முகத்தைப் பார்க்காமல் திரைக்குள் போய், அவன் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தார்கள். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டம் ஓய்ந்தபிறகு முனுசாமியும் ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். கொஞ்சம் அதிக நேரம் இருந்தான்.

எண்ணிக்கை தாலுகா கச்சேரியில் நடந்தது. ஒவ்வொரு சாவடிப் பெட்டியையும் தனித்தனியாக உடைத்தார்கள். மற்ற ஊர்களில் வெள்ளைக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்திருந்தது. பாரிவாக்கத்து வெள்ளைப் பெட்டி மேஜைக்கு வந்தது. அரக்கில் அந்தப் பூ அப்படியே இருந்தது. நாடாவில் கீறல்கூட இல்லை. நான் குனிந்து பார்த்தேன். அதிகாரி மூடியைத் திறந்து கவிழ்த்தார்.

ஒன்றும் விழவில்லை.

ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று தட்டினார். கையை விட்டுத் துழாவினார். உள்ளே ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதம்தான் இருந்தது. பெட்டி காலி.

இனாம்தார் உரக்கச் சிரித்தார். "பாவம்யா, சொந்த ஓட்டுகூட வுழல போல கீதே!" அறையே சிரித்தது. முனுசாமி மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தில்லைநாயகம் என் காதருகில் வந்து, மனம் நெகிழ்ந்த குரலில் சொன்னார்: "பாத்தீங்களா ஏகாம்பரம், ஜனங்க நம்ம கட்சிமேல வெச்சிருக்கிற நம்பிக்கையை?"

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். அந்த நாளில் எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சிகளில் எது பெரியது என்று கேட்டால், காலிப் பெட்டியைவிட அந்த வாக்கியத்தைத்தான் சொல்வேன்.

கமிட்டி உட்கார்ந்தது. புது மெம்பர் உள்ளூர் விவரம் சொன்னார். முனுசாமி குத்தகைக்காரனே அல்ல, கூலிக்கு ஏர் ஓட்டினவன் என்றார். அவனோடு உழுத பலரையும் அப்படியே சொன்னார். சட்டம் சட்டமாகவே இருந்தது. அறுவடை முடிந்ததும் அவன் நிலத்தைவிட்டு இறங்கினான். எங்கள் கட்சி அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி அதற்குப் பிறகும் நிறைய இடங்களில் ஜெயித்தது.

வெகுநாள் எனக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. ஊர் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டது, சரி. வேட்பாளனின் சொந்தச் சீட்டு எங்கே போயிற்று? சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனவனை நான் கண்ணால் பார்த்தேன். பெட்டியின் அரக்கோ உடையவில்லை.

உலக யுத்தம் முடிகிற சமயம், மறுபடியும் தேர்தல் பேச்சு அடிபட்டது. ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகையும் ரோடும் போடும் வேலையில் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். நான் சைக்கிளில் அந்தப் பக்கம் போனபோது, ஜல்லிக் குவியலிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். முனுசாமி. தலை நரைத்திருந்தது. தார் பட்டு முன்னங்கையெல்லாம் கறுப்பாக இருந்தது.

"அண்ணாத்தே, நல்லா கீறியா?" என்று அதே மெல்லிய குரலில் கேட்டான். அக்கா இட்லிக் கடையை இன்னும் வைத்திருக்கிறாள் என்றான். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், இத்தனை நாள் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன்: "அன்னைக்கு நீ உன் ஓட்டையாவது வெள்ளையில் போடலியா?"

அவன் வெட்கப்பட்டவன் போலச் சிரித்தான்.

"போடணும்னுதான் அண்ணாத்தே உள்ள போனேன். சீட்ட வெள்ளப் பொட்டியில பாதி வுட்டுட்டேன். அப்ப கைய பாத்தேன்." வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "மொதல்ல அணைச்சது இந்த கைதானே? என் பேச்ச கேட்டு அணைச்சவங்க எல்லாம் சொல்ல காப்பாத்திட்டு போயிட்டாங்க. நான் மட்டும் ஆத்தாகிட்ட பொய்யனா நிக்கறதா? சீட்ட இஸ்துகினு பச்சையில போட்டுட்டேன்."

நிலத்தை இழந்த அந்த மனிதன், அதை எடுத்துக்கொண்டவனுக்குத் தன் கையாலேயே ஓட்டுப் போட்டிருக்கிறான். எங்கள் மாடியில் இருந்த ஒருவருக்கும் அவன் காலில் விழுகிற யோக்கியதைகூடக் கிடையாது.

மேஸ்திரி விசில் அடித்தான். முனுசாமி திரும்பினான், பிறகு ஏதோ நினைவு வந்தவனாக நின்றான்.

"இந்த தபாவும் பச்சப் பொட்டிதானே அண்ணாத்தே? கலரு கிலரு மாத்திடாதீங்க. அக்கா கேக்க சொல்ச்சி. சத்தியம் பண்ணும்போது ஒரே ஒரு எலக்சனுக்குன்னு சொல்ல மறந்துட்டோம், பாரு."

என் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த தகரப் பெட்டிக்கு அந்த வாரம்தான் புதிதாகப் பச்சை அடித்திருந்தேன். அவன் குனிந்து அதைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, ஜல்லி உடைக்கப் போய்விட்டான்.